எஸ்ஓபியில் இருப்பதும் டெஸ்க்கில் நடப்பதும்

ஜெர்மனியில் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு யாரோ போல்ட் சப்ளை செய்கிறார். அவருடைய இன்வாய்ஸை எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிப் பணம் போக வழி செய்கிறவர் தரமணியிலோ பெருங்குடியிலோ உட்கார்ந்திருக்கும் பி.காம். பட்டதாரியாக இருக்கலாம். நான் இருக்கும் வேலை அதுதான்: அக்கவுன்ட்ஸ் பேயபிள், சுருக்கமாக ஏபி. எங்கள் கம்பெனிக்கு மூன்று மையங்கள்: சென்னை, போலந்தின் கிராகோவ், கோஸ்டாரிகாவின் சான் ஹோசே. மூன்றுக்கும் நடுவே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் இன்வாய்ஸ்கள் ஓடுகின்றன.

சில வருஷங்களுக்கு முன்னால் தலைமையகம் ஒரு முடிவெடுத்தது. எந்த நாடாக இருந்தாலும் இனி ஒரே முறை, ஒரே எஸ்ஓபி, அதாவது வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த ஒரே நடைமுறை. அதை நடத்திக்காட்டும் குழுவில் என்னையும் போட்டார்கள். கன்சல்டன்ட்கள் கொண்டுவந்த படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதலில் பர்ச்சேஸ் ஆர்டர், அப்புறம் சரக்கு வந்ததற்கான ஜிஆர்என், அப்புறம் இன்வாய்ஸ். மூன்றும் பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் பிளாக், அதாவது பணம் நிறுத்திவைப்பு. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். சண்டை அத்தனையும் இதில்தான் வந்தது.

முதல் வேலையாக இருக்கிற எஸ்ஓபிகளைத் திரட்டினோம். நாட்டுக்கு ஒன்று, சில நாட்டுக்கு இரண்டு. தொண்ணூறு பக்க வேர்ட் ஃபைல், பழைய ஸ்கிரீன்ஷாட், வேலையை விட்டு எப்போதோ போய்விட்டவர்களின் பெயர்கள். கொஞ்சம் படித்ததும் மூடிவைத்துவிட்டு, வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் தரப் பிரிவில் இருந்த ஒருவர். அம்பத்தூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணா. பாடி, அம்பத்தூர் வட்டாரத்து ஆட்களுக்கு இது ஊறிப்போன விஷயம். 1998இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு, தரத்துக்காகக் கொடுக்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்திய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஷாப் ஃப்ளோர்களில் டிக்யூஎம் (முழுத் தர மேலாண்மை) தெரியாத சூப்பர்வைசரைப் பார்ப்பது கஷ்டம். ஏசி ஆபீஸில் எக்செல் தட்டிக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் அது புதுசாக இருந்தது.

ஜெர்மனி டெஸ்க்கில் இருந்த பெண்ணின் மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "ஆர்ஈ வேண்டாம். ஸ்லாஷ் வேண்டாம். முன் ஜீரோ வேண்டாம்." அவ்வளவுதான். இன்வாய்ஸ் எண்ணை (ஆர்ஈ என்பது அதன் முன்னால் வரும் எழுத்து) எப்படி டைப் செய்வது என்பதற்கு அவர் தனக்கென்று வைத்திருந்த விதி. எந்த எஸ்ஓபியிலும் அது இல்லை. இரண்டு மேசை தள்ளி பிரான்ஸ் பார்த்த தம்பி, அச்சில் இருப்பதை அப்படியே, புள்ளி கோடு உட்பட ஏற்றுவார். கிராகோவில் வேறு வழக்கம், அங்கே ஜீரோ இருக்கும், கோடு போய்விடும்.

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை ஏறாமல் சிஸ்டம் தடுப்பது, வெண்டர், இன்வாய்ஸ் எண், தேதி, தொகை இவற்றை ஒப்பிட்டுத்தான். எண்ணில் ஒரு கோடு கூடக்குறைய இருந்தாலும் சிஸ்டத்துக்கு அது வேறு இன்வாய்ஸ். ஒருவரே எப்போதும் பார்க்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போவார், பக்கத்து டெஸ்க் பேக்கப் பார்க்கும். அந்த வாரம் பார்த்து வெண்டர், "இன்னும் பணம் வரவில்லை" என்று அதே இன்வாய்ஸை மறுபடி மெயிலில் அனுப்புவார். பேக்கப் ஆள் தன் வழக்கப்படி டைப் செய்வார், சிஸ்டம் வாயைத் திறக்காது, பணம் இரண்டாவது தடவை போய்விடும். நல்ல வெண்டர் திருப்பி அனுப்புவார். மற்றவர்கள் கிரெடிட்டாக வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், ஆடிட்டர் தோண்டி எடுக்கும்வரை.

ஆக, நாங்கள் முதலில் ஒழுங்குபடுத்தியது பெரிய புராசஸ் மேப்பை அல்ல, எண்ணை டைப் செய்வதை. எழுத்தும் எண்ணும் அச்சில் உள்ளபடி. இடைவெளி, கோடு, ஸ்லாஷ், புள்ளி எதுவும் கிடையாது. முன்னால் இருக்கும் பூஜ்யம் இருக்கட்டும். எஸ்ஏபியின் அந்தக் கட்டத்தில் 16 எழுத்துதான் கொள்ளும், அதைத் தாண்டினால் கடைசி 16. மெக்சிகோவில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் வரித்துறையின் யூயூஐடி என்ற 36 எழுத்து அடையாளம் உண்டு, அது இதில் நுழையவே நுழையாது என்பதால் அதற்குத் தனிக் கட்டம் ஒதுக்கினோம். இந்த நாலு வரியை ஒத்துக்கொள்ள வைக்க எத்தனை கான்ஃபரன்ஸ் கால்! எல்லாருக்கும் தங்கள் வழக்கம்தான் இயற்கையானது. ஒருவழியாக அமலுக்கு வந்தபின் இரட்டைப் பேமென்ட் சட்டென்று குறைந்ததும், மற்ற மாற்றங்களுக்கு எங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், பெரிய படத்தை விட்டுவிட்டு, காசு கசியும் ஒரு சின்ன இடத்தில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்றால் அமெரிக்காவில் மார்ச் 4, நமக்கும் ஐரோப்பாவுக்கும் ஏப்ரல் 3. ஜெர்மன் இன்வாய்ஸில் 1.250 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, நம் கண்ணுக்கு ஒன்றேகால். எஸ்ஏபியில் ஒவ்வொருவர் ப்ரொஃபைலிலும் புள்ளியா கமாவா என்பது தனித்தனியாகச் செட் ஆகியிருக்கும். அதனால் ஒரே அப்லோட் ஃபைல் ஒருவர் கையில் ஓடும், பக்கத்துச் சீட்டில் எரர் அடிக்கும். வருஷம் முதலில், மாதம் நடுவில், நாள் கடைசியில் என்ற ஐஎஸ்ஓ 8601 முறையை டிராக்கர்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாக்கினோம். ப்ரொஃபைல் செட்டிங்கை ஆளிடம் விடாமல் ஐடியே வைத்துவிட்டது. இதில் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

பிரேசில் கதை அப்படிச் சுருக்கமாக முடியாது.

தலைமையகத்தின் பட்டியலில் பிரேசில் மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஒழுங்குக்கு வராத நாடு என்று அர்த்தம். சரக்கு வருவதற்கு முன்பே இன்வாய்ஸைப் பார்க்கிறார்கள், கேட்டில் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள், இதெல்லாம் எதற்கு என்று கேள்வி. ஜிஆர்என் வரட்டும், இன்வாய்ஸ் பின்னால் வரட்டும், விலை பொருந்தாவிட்டால் பிளாக் போட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம், உலகம் முழுக்க அப்படித்தானே? ஒரு வீடியோ காலில் இதைக் கேட்டதும் சாவ் பாலோ பக்கத்துத் தொழிற்சாலையின் கணக்காளர் பதில் எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் கேமராவைக் கேட் பக்கம் திருப்பினார். லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் ஒரு தாளை நீட்ட, கேட்டில் இருந்தவர் அதன் பார்கோடை ஸ்கேன் செய்து, ஸ்கிரீனைப் பார்த்து, கையை ஆட்டினார். லாரி உள்ளே வரவில்லை, ஓரங்கட்டியது.

அந்தத் தாளுக்குப் பெயர் டான்ஃபே. பிரேசிலில் நோட்டா ஃபிஸ்கல் என்ற வரி இன்வாய்ஸ் இல்லாமல் சரக்கு சாலையில் போகக் கூடாது. சப்ளையர் கணினி நேரடியாகப் படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவில் இன்வாய்ஸை மாநில வரித்துறைக்கு அனுப்பி, அனுமதி வாங்கி, அதற்கு 44 இலக்கச் சாவி கிடைத்த பிறகுதான் லாரி கிளம்பும். டிரைவர் கையில் இருப்பது அதன் சுருக்க அச்சு. தப்பான விலையில் போட்டுவிட்டால் ரத்து செய்யப் பொதுவாக 24 மணி நேரம்தான் அவகாசம், அதுவும் சரக்கு நகர்வதற்கு முன்னால். நகர்ந்துவிட்டால் திருப்பி அனுப்பும் நோட்டா, கூடுதல் நோட்டா என்று வரிக்கணக்கு இழுபடும். "உள்ளே விட்டுவிட்டு அப்புறம் பிளாக் போடு" என்பது அங்கே தலைவலியை நாமே கேட்டில் வரவேற்று உட்காரவைப்பது. லாரி ஓரங்கட்டியதற்குக் காரணம் ஆர்டரில் இருந்த விலையும் எக்ஸ்எம்எல்லில் இருந்த விலையும் பொருந்தாததுதான்.

அந்தக் காலுக்குப் பிறகு பட்டியலில் நிறம் மாறியது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. விலையைச் சரக்கு வருவதற்கு முன்னால் பார்ப்பது சட்டம் கட்டாயப்படுத்தியதால் வந்த வழக்கம், ஆனால் நம் "ஸ்டாண்டர்ட்" முறையைவிட அது மேல். நாங்கள் சரக்கை இறக்கி, இன்வாய்ஸ் வந்து, பிளாக் விழுந்து, பர்ச்சேஸ் ஆளைத் தேடிப் பிடித்து, வெண்டர் கோபப்பட்ட பிறகு கண்டுபிடித்ததை, அவர்கள் கேட்டிலேயே கண்டுபிடித்தார்கள். இத்தாலியில் 2019 ஜனவரியிலிருந்து உள்நாட்டுக் கம்பெனிகளுக்கிடையேயான இன்வாய்ஸ் எல்லாம் அரசின் எஸ்டிஐ என்ற தளம் வழியாக எக்ஸ்எம்எல்லாகத்தான் வருகின்றன. அங்கே பிரேசில் யோசனையைப் போட்டோம். ராத்திரியே எக்ஸ்எம்எல்லையும் ஆர்டரையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றின் பட்டியல் காலையில் பர்ச்சேஸ் ஆளின் மெயிலுக்குப் போய்விடும். ஏபி அதைத் தொடுவதற்கு முன்பே பாதி தீர்ந்துவிடும். ஒழுங்குக்கு வராத நாடு என்று குறித்திருந்த இடத்திலிருந்துதான் அந்த வருஷத்தின் உருப்படியான முன்னேற்றம் வந்தது.

அதற்குப் பிறகு விதிவிலக்குகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்தோம். எந்த நாடும் பொது முறையிலிருந்து விலகலாம். ஆனால் காரணம் என்ன, சட்டமா வியாபார வழக்கமா பழக்கமா, யார் ஒப்புதல் கொடுத்தார், எப்போது மறுபடி பார்ப்பது என்று எழுதியாக வேண்டும். சட்டம் என்றால் விதி எண்ணோடு. இந்த ஒரு கட்டம் நிறைய வேலை செய்தது. ஓர் ஐரோப்பியத் தொழிற்சாலையில் ஒவ்வொரு இன்வாய்ஸையும் பிரின்ட் எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். கேட்டால் "எங்கள் ஊர்ச் சட்டம்." எந்தச் சட்டம் என்று எழுதச் சொன்னதும் அமைதி. தேடிப் பார்த்ததில், பழைய சாஃப்ட்வேரில் ஆன்லைன் அப்ரூவல் இல்லாத காலத்தில் ஒரு மேனேஜர் போட்ட உள்விதி அது. மேனேஜர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், ஸ்டாம்ப் மட்டும் சர்வீஸில் இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. காசு கையில் நிற்க வேண்டும் என்று எல்லா வெண்டருக்கும் 90 நாள் கெடு என ஒருமுறை மேலிருந்து வந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினோம். பிரான்ஸில் சட்டப்படி இன்வாய்ஸ் தேதியிலிருந்து 60 நாளுக்கு மேல் வைக்க முடியாது, மாதக் கடைசியோடு சேர்த்து எண்ண ஒப்பந்தம் இருந்தால் 45 நாள். இந்தியாவில் மைக்ரோ, ஸ்மால் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15. 2023 நிதிச் சட்டம் 43பி(எச்) பிரிவைச் சேர்த்த பிறகு, கெடு தாண்டினால் பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்கவும் முடியாது. ஜெர்மனியில் சட்டத்தைவிட ஸ்கோன்டோதான் பேசும். 14 நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதம் கழிவு, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை என்று இன்வாய்ஸிலேயே போட்டிருப்பார்கள். பதினாறு நாள் தள்ளிக்கொடுப்பதற்காக 2 சதவீதத்தை விடுவது, ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 45 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரர்கூட யோசிப்பார். ஜெர்மனி வரிசையில் ஸ்கோன்டோ உள்ளவற்றை முதலில் எடுப்பது என்று விதி வந்தது இப்படித்தான்.

அளவுகோல் விஷயத்தில் கொஞ்சம் கோபமே வந்தது. மூன்று மையமும் டேஷ்போர்டில் பச்சையாக இருந்தன, வெண்டர் மெயில்களோ சிவப்பாக. இரண்டு நாளில் இன்வாய்ஸ் ஏற்ற வேண்டும் என்பது எஸ்எல்ஏ, அதாவது ஒப்புக்கொண்ட கெடு. கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டோம். ஒரு மையத்தில் மெயில் வந்த நேரம், இன்னொன்றில் ஸ்கேன் ஆன நேரம், மூன்றாவதில் ஏபி ஆள் டிக்கெட்டைத் தன் பெயரில் எடுத்த நேரம். மூன்று கடையில் மூன்று எடைக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு, எந்தக் கடையில் சாமான் மலிவு என்று விவாதித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மெயில் வந்த நேரம்தான் என்று ஒரே விதி போட்டதும் அடுத்த மாதம் எல்லா மையமும் சிவப்பு. ஒரு மேனேஜர் "நம்ம பெர்ஃபாமன்ஸ் விழுந்துடுச்சே" என்று பதறினார். விழவில்லை, அதுதான் நிஜ எண். இந்த மாதிரி நேரத்தில் மேலே இருப்பவர்களை முன்கூட்டியே தயார்படுத்தி வைக்காவிட்டால், அடுத்த மாதமே பழைய கடிகாரம் திரும்பி வந்துவிடும்.

இனி அண்ணா விஷயத்துக்கு வருகிறேன். தப்பு நடந்தால் ரூட் காஸ் எழுதும் படிவம் ஒன்று எங்களிடம் இருந்தது. புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: "ஹியூமன் எரர். ரீட்ரெயினிங் கொடுக்கப்பட்டது." அண்ணா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஷாப் ஃப்ளோர்ல இப்படி எழுதினா எங்க ஹெட் பேப்பரைத் தூக்கி எறிஞ்சிடுவார்மா. பார்ட் தலைகீழா மாட்டிட்டான்னா, தலைகீழா மாட்ட முடியாதபடி ஃபிக்ஸ்சரை மாத்தணும். ஆளைக் கூப்பிட்டு கிளாஸ் எடுக்கறது எதுக்கு?"

ரீட்ரெயினிங் என்ற சொல்லைப் படிவத்தில் எழுதவே கூடாது என்று ஆக்கினோம். முதலில் எல்லாருக்கும் திண்டாட்டம். வேறு என்னதான் எழுதுவது? யோசிக்க ஆரம்பித்ததும் வழி வந்தது. வங்கிக் கணக்கு எண் மாற்றக் கோரி வரும் மெயில்தான் மோசடிக்காரர்களின் முதல் வாசல். "கவனமாகப் பாருங்கள்" என்று நூறு தடவை சொன்னதற்குப் பதிலாக, மாஸ்டரில், அதாவது வெண்டர் விவரப் பதிவில், ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு உறுதிசெய்த விவரத்தை நிரப்பாமல் அந்தக் கோரிக்கை அடுத்த ஆளுக்கு நகராது என்று கட்டத்தையே பூட்டினோம். கோரிக்கை வந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுப்பவர் மோசடிக்காரராகவே இருப்பார், அதனால்தான் மாஸ்டர் எண். இன்வாய்ஸ் எண்ணில் கோடு போட்டால் கட்டமே ஏற்காது என்று செய்ததும் இந்தக் காலத்தில்தான். மஞ்சள் சீட்டுக்கு அதன் பிறகு வேலை இல்லை.

எஸ்ஓபியை எழுதும் விதமும் மாறியது. தொண்ணூறு பக்கத்தை உடைத்து, ஒரு வேலைக்கு ஒரு பக்கம், அந்த வேலையைத் தினமும் செய்கிறவரே எழுத வேண்டும், அவர் பெயர்தான் மேலே. எழுதியதும் ஒரு சோதனை. போன வாரம் சேர்ந்த ஃப்ரெஷரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்து ஒரு நிஜ இன்வாய்ஸை டெஸ்ட் சிஸ்டத்தில் ஏற்றச் சொல்வோம். எழுதியவர் பின்னால் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம். "அது இல்லம்மா, கீழ ஒரு டேப் இருக்கு பார்" என்று நாக்கு நுனிவரை வரும். ஃப்ரெஷர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாள் தப்பு. நம் ஊரில் ஆள் மாறிக்கொண்டே இருப்பது குறை என்று எல்லாரும் புலம்புவார்கள். எனக்கு அது இலவசமாகக் கிடைக்கும் சோதனைக்கூடம்.

தொடர் முன்னேற்றம் என்ற பெயரில் ஆளுக்கு மாதம் ஒரு ஐடியா கொடுக்க வேண்டும் என்று ஒரு கோட்டா இருந்தது. மாதக் கடைசியில் "ஃபோல்டருக்கு நிறம் கொடுக்கலாம்" வகையறாக்கள் குவியும். அதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் நின்றுகொண்டே கால் மணி நேரம், நேற்று எத்தனை இன்வாய்ஸ் எதனால் பிளாக் ஆனது என்று கோடு போட்டு எண்ணும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். சில வாரத்தில் தெரிந்துவிட்டது: பெரும்பங்கு இரண்டே காரணம். பர்ச்சேஸில் புது விலையை ஆர்டரில் மாற்றவில்லை, அல்லது ஸ்டோர்ஸில் ஜிஆர்என்னை வெள்ளிக்கிழமைக்கென்று சேர்த்து வைக்கிறார்கள். இரண்டுமே ஏபி கையில் இல்லை. இங்கே எத்தனை வேகமாக டைப் அடித்தாலும் அங்கே இருக்கும் முடிச்சு அவிழாது. ஆர்டரிலிருந்து பணம் போகும்வரை ஒருவரே பொறுப்பு என்று குளோபல் புராசஸ் ஓனர் பதவி உருவானது இந்தக் கோடுகளைக் காட்டிய பிறகுதான். அவர் சொன்னால் ஸ்டோர்ஸ் கேட்கும், நாங்கள் மெயில் போட்டால் கேட்காது. இதற்கு நடுவில் ஒரு டீம் அவசரப்பட்டு பாட் (தானாக வேலை செய்யும் நிரல்) வேறு போட்டுவிட்டது. பிளாக் ஆனவற்றுக்கு நினைவூட்டல் மெயில் அனுப்புகிற பாட். முன்பு மனிதர்கள் அனுப்பி யாரும் படிக்காத மெயிலை இப்போது இயந்திரம் பல மடங்கு அனுப்பியது.

கால்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னை டீமிடம் மாற்றம் எதைச் சொன்னாலும் "நோட்டட், வில் டூ" வரும். முடியாது என்று தெரிந்தாலும் வரும், ஏனென்றால் மேனேஜர் லைனில் இருக்கிறார். கிராகோவ்காரர்கள் முகத்துக்கு நேரே இது வேலைக்காகாது என்பார்கள். ஜப்பான் பக்கம் காலில் மௌனமாக இருந்துவிட்டு, மறுநாள் மெயிலில் தெளிவான ஆட்சேபம் வரும். யாருடைய குணத்தையும் மாற்ற நாங்கள் முயலவில்லை. வரைவை முன்பே அனுப்பி, வேலை செய்கிற ஆளோடு தனியாகப் பேசி, ஆட்சேபங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தோம். காலில் முடிவை மட்டும் உறுதிசெய்தோம். மேனேஜர் இல்லாத தனிப் பேச்சில் சென்னைப் பிள்ளைகள் சொல்லும் ஆட்சேபங்கள்தான் பெரும்பாலும் மிகக் கூர்மையானவை.

இப்போது கையில் இருப்பது பெல்ஜியம் பக்கம். அங்கே 2026 ஜனவரி 1 முதல் கம்பெனிகளுக்கிடையே மின் இன்வாய்ஸ் கட்டாயம். ஜெர்மனியில் 2025 தொடக்கத்திலிருந்தே மின் இன்வாய்ஸைப் பெற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாக வேண்டும். எக்ஸ்எம்எல்லாக வருவதை யாரும் டைப் செய்யப்போவதில்லை, ஆகவே அத்தனை கால் போட்டு ஒத்துக்கொள்ள வைத்த அந்த நாலு வரி விதியில் பாதி இந்த இரண்டு நாட்டுக்கும் தேவைப்படாது. அதற்குப் பதில் வேறு கேள்வி வந்திருக்கிறது: எக்ஸ்எம்எல்லில் வரும் எண்ணில் கோடும் ஸ்லாஷும் இருக்கிறதே, சிஸ்டம் அதை நீக்கிவிட்டு ஏற்றலாமா, அப்படியே வைக்கலாமா? கிராகோவ் ஒன்று சொல்கிறது, சென்னை வேறு சொல்கிறது. சான் ஹோசேயின் பதில் வியாழக்கிழமை வர வேண்டும்.